நாள்பட வலிக்கிற பிள்ளையை வளர்ப்பது

காலை ஏழே கால் மணி. மொரீஷியஸில், காத்ர் போர்னிலோ ரோஸ் ஹில்லிலோ ஏதோ ஒரு வீடு. சீருடை மாட்டியாயிற்று, பையில் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் வைத்தாயிற்று. ஷூ போடப் போன பத்து வயதுப் பெண் வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். “மோ வாந்த் பே ஃபேர் மால், அம்மா,” வயிறு வலிக்கிறது என்று கிரியோலில் சொல்கிறாள். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். “எங்கேம்மா வலிக்குது, தொப்புள்கிட்டவா? நேத்தைவிட ஜாஸ்தியா?” பாட்டி ஆயாபானா என்ற மூலிகை இலையை வெந்நீரில் போட அடுக்களைக்குப் போகிறார். காருக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுக்கிறார்: “தினமும் இதே கூத்து. எழுந்து வரச் சொல்லு.”

மூன்றே நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கு மூன்று விதமான வளர்ப்பு கிடைத்துவிட்டது. மூவரும் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: வலியோடு நாளை எப்படி ஓட்டுவது என்று அவள் கற்றுக்கொள்வதற்கு முன்பே அந்த வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா விசாரணையாக, பாட்டி மருந்தாக, அப்பா கட்டளையாக.

மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். இதில் பெரும்பகுதிக்கு ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ எதுவும் தெரியாது. 1958இல் இங்கிலாந்தில் ஆப்லி, நேய்ஷ் என்ற மருத்துவர்கள் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது 10.8 சதவீதம் பேருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்றுவலி இருந்தது. உறுப்புக் கோளாறு கண்டவர்கள் மிகச் சிலரே. “ஒன்றும் இல்லை” என்று டாக்டர் சொன்னால் வீட்டில் அதை “பொய்” என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அது தவறு. இந்த வலி உண்மையானது. தொடர்ந்து தூண்டப்பட்ட நரம்புகளும் மூளையும் சாதாரணக் குடல் அசைவைக்கூட ஆபத்து என்று வாசிக்கத் தொடங்கிவிடுகின்றன. புயல் கடந்துபோன பிறகும் மூன்றாம் எண் எச்சரிக்கை இறங்காமல் நிற்பதைப் போன்ற நிலை. எச்சரிக்கை நிஜம், வெளியே காற்று மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியல் இதற்கு ‘நாள்பட்ட முதன்மை வலி’ என்று தனி இடமே கொடுத்திருக்கிறது.

வலிக்கும் காயத்துக்கும் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தைப்பூசத்தன்று கோர் தெ கார்ட் மலையடிவாரத்துக் கோயிலுக்குக் கன்னத்தில் வேல் தரித்துக் காவடி தூக்கிப் போகிறவரைப் பாருங்கள். பத்து நாள் விரதம், மேளம், சுற்றத்தாரின் அரோகரா, தானே விரும்பி எடுத்த நேர்த்தி, எல்லாம் சேர்ந்து மூளையில் அந்த ஊசிக்கு வேறு பொருள் கொடுக்கின்றன. அதே ஊசியை ஆஸ்பத்திரி நாற்காலியில், பயந்த முகங்களுக்கு நடுவே குத்தினால் அந்த மனிதரே துடித்துப்போவார். கவனம், பயம், பொருள், சுற்றியிருப்பவர்களின் முகம் ஆகிய இந்த நான்கும் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. பெற்றோர் நான்கையும் தொடுகிறார்கள்.

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிட வேண்டும். எடை குறைதல், வளர்ச்சி நிற்றல், காரணமில்லாக் காய்ச்சல், மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளைவிட்டுத் தள்ளி ஒரே இடத்தில் நிலைக்கும் வலி, காலையில் விறைத்து வீங்கும் மூட்டு, நொண்டல், இரவில் எலும்புவலியோடு முகம் வெளுத்தல், விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்பவை எதையும் தொடங்காமல் டாக்டரிடம் போங்கள். ஐந்து வட்டார அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமில்லை. மலச்சிக்கலையும் அப்போதே கேளுங்கள். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கி அடக்கி வயிறு வலிக்கும் பிள்ளைகள் ஏராளம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம், பாதம் ஊன்றிக்கொள்ள ஒரு சிறு மணை வைத்து, அவசரப்படுத்தாமல் உட்கார வைப்பதிலேயே சிலருக்குப் பாதி வலி போய்விடும்.

பெற்றோரியல் பேசுகிறவர்கள் 1960களில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் வகுத்த பிரிவுகளைத்தான் முதலில் எடுப்பார்கள்: அதிகாரம் செலுத்துபவர், கண்டிப்பும் அன்பும் சேர்ந்தவர், விட்டுக்கொடுப்பவர். வலியைப் பொறுத்தவரை அதைவிடப் பயனுள்ள அளவுகோல் வேறு. பிள்ளை வலி என்றதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வேலையிலிருந்து விடுவித்து, சிறப்புக் கவனம் தருகிறீர்களா? பெரிதுபடுத்தாதே என்று தள்ளுகிறீர்களா? வேறொன்றில் ஈடுபட வைக்கிறீர்களா? 2006இல் வான் ஸ்லைக், லின் வாக்கர் என்ற ஆய்வாளர்கள் தாய்மாரின் எதிர்வினைகளை இப்படித்தான் பிரித்து அளந்தார்கள்.

அதே ஆண்டு வாக்கர் குழுவினர் வெளியிட்ட சோதனையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாள்பட்ட வயிற்றுவலி உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். வயிற்றில் அசௌகரியத்தை உண்டாக்கும் பாதுகாப்பான வழி அது. ஒரு பகுதிப் பெற்றோருக்கு அனுதாபத்தோடு வலியைப் பற்றியே பேசச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குப் பேச்சை வேறு பக்கம் திருப்பச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லப்படாதவர்களோடு ஒப்பிட்டால், கவனம் கிடைத்த பிள்ளைகளின் புகார் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கவனம் திருப்பப்பட்டவர்களுடையது பாதியானது. அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு வந்தது. பேச்சை மாற்றியதுதான் நன்றாக இருந்தது என்று வலியுள்ள பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களுடைய பெற்றோரோ அதுதான் பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கக்கூடியது என்று நினைத்தார்கள். இந்த இடைவெளியில்தான் எத்தனையோ வீடுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பேச்சை மாற்றினால் கைவிட்டுவிட்டோமோ என்று அம்மா பயப்படுகிறார். பிள்ளைக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

“பா பேர், பா பேர்” என்று ஊசி போடும்போது சொல்கிறோமே, பயப்படாதே என்று. மெக்மர்ட்ரியும் சேம்பர்ஸும் கனடாவில் ஆராய்ந்தபோது, பெற்றோரின் இந்த ஆறுதல் வார்த்தைகளைப் பிள்ளைகள் பயத்தின் அடையாளமாகவே வாசித்தார்கள் என்று தெரிந்தது. அம்மாவே ‘பயப்படாதே’ என்கிறாள் என்றால் பயப்பட ஏதோ இருக்கிறது. நாள்பட்ட வலியில் ஊசியின் இடத்தில் இருப்பது “இப்ப எப்படி இருக்கு?” என்ற கேள்வி. ஒரு நாளில் பதினைந்து முறை கேட்டால் பதினைந்து முறை அவள் தன் வயிற்றுக்குள் போய் வலியைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அப்பாவின் வழிக்கு வருவோம். வலியை மறுப்பதும் அதட்டுவதும் தைரியம் கற்றுக்கொடுக்காது, வழக்காடக் கற்றுக்கொடுக்கும். நம்பப்படாத பிள்ளைக்கு இரண்டு வழிதான் உண்டு: வலியை மறைத்து ஒருநாள் சுருண்டு விழுவது, அல்லது நிரூபிப்பதற்காக இன்னும் சத்தமாக அழுவது. இரண்டிலும் அவள் சக்தி வலியைச் சமாளிப்பதற்குப் பதிலாக வீட்டாரைச் சமாளிப்பதில் போகிறது. அடித்து அனுப்பும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மொரீஷியஸின் 2020 குழந்தைகள் சட்டம் உடல் தண்டனையைத் தடைசெய்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் பயம் வலியை ஏற்றும் என்பதால் அது தலைகீழ் வைத்தியம்.

வலி வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதையும் பிள்ளைகள் வீட்டில்தான் படிக்கிறார்கள். 2005, 2006இல் சிக்குன்குன்யா பக்கத்துத் தீவான ரியூனியனில் மூன்றில் ஒருவரைப் பிடித்தது, இங்கேயும் வந்தது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டுவலியை விட்டுச் சென்றது. சர்க்கரையால் பாதம் எரியும் தாத்தாவும் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. பெரியவர்கள் வலிக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டேயிருக்கிறது. பெருமூச்சு, முனகல், படுக்கை மட்டும் கண்ணில் பட்டால் வலி என்றால் அவ்வளவுதான் என்று படிந்துவிடும். வலியை மறைக்கச் சொல்லவில்லை. சமாளிப்பதையும் வாய்விட்டுச் சொன்னால் போதும்: “இன்னிக்கு முட்டி பிடிக்குது. பத்து நிமிஷம் மெதுவா நடந்துட்டு வந்து அப்புறம் கறி வெட்டறேன்.”

இனி செய்முறை. தொடங்குவதற்கு முன், பள்ளி இல்லாத ஒரு மாலையில், அம்மா அப்பா இருவரும் சேர்ந்து ஒரே ஒரு முறை பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவிட வேண்டும்: “உனக்கு வலிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், நம்புகிறோம். டாக்டர் பார்த்துவிட்டார், ஆபத்து இல்லை. இனிமேல் நாங்கள் வலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்க மாட்டோம். புதிதாக ஏதாவது இருந்தால் நீ சொல், கேட்போம். மற்றபடி நாளை எப்படி ஓட்டுவது என்று உனக்குச் சொல்லித் தருகிறோம்.” இதைச் சொல்லாமல் திடீரென்று கேள்விகளை நிறுத்தினால் கோபித்துக்கொண்டார்கள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். பாட்டியையும் அந்த மாலையில் உட்கார வையுங்கள். திட்டங்கள் உடைவது அநேகமாக அடுக்களைப் பக்கம்தான்.

நோட்டு ஒன்று வேண்டும், அது பிள்ளையின் நோட்டு. இரவு ஒரு முறை மட்டும் எழுத வேண்டும்: எத்தனை மணி நேரம் பள்ளியில் இருந்தேன், எத்தனை நிமிடம் நடந்தேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன். கடைசியில் விருப்பமிருந்தால் 0 முதல் 10 வரை வலி எண். மணிக்கு மணி வலி எண் எழுதும் அட்டவணைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அதுவும் பதினைந்து முறை கேட்பதைப் போன்றதுதான்.

பள்ளி விதி எழுத்தில் இருக்கட்டும், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். 38 டிகிரி காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் வீடு; மற்ற நாட்களில் பள்ளி. வாசற்படிக் காட்சியில் அம்மா சொல்ல வேண்டியது இவ்வளவே: “வலிக்குதுன்னு தெரியுதும்மா. மூச்சுப் பயிற்சியா, சுடுதண்ணிப் பையா, எது வேணும்? அஞ்சு நிமிஷத்துல கிளம்பலாம்.” நம்புகிறார், தேர்வை அவளுக்கே விடுகிறார், கிளம்புவதை மட்டும் பேரம் பேசவில்லை. வீட்டில் நின்றே ஆக வேண்டிய நாள் சலிப்பான நாளாக இருக்கட்டும். டேப்லெட் இல்லை, டி.வி. இல்லை, வெளியிலிருந்து டால் பூரி வராது. பள்ளி நேரத்தில் படுக்கையும் பாடமும் மட்டும். அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரம் மாற்றச் சொல்கிறேன். அரை மணி நேரம் அம்மாவோடு டோமினோ ஆடுவதை வலி இல்லாத நேரத்துக்கு, நாள் தவறாமல், நிரந்தரமாக வையுங்கள். அம்மா கிடைப்பதற்கு வலி ஒன்றுதான் வழி என்ற நிலை இருக்கக் கூடாது.

வாரக்கணக்கில் பள்ளி போகாத பிள்ளையை ஒரே நாளில் முழு நேரத்துக்கு அனுப்பாதீர்கள். முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம், இரண்டாம் வாரம் மூன்று, பிறகு மதிய உணவு வரை, நான்காம் அல்லது ஐந்தாம் வாரம் முழு நாள். இங்கே ஒரு விதிதான் உயிர்நாடி: வெளியேறுவது கடிகாரத்தைப் பார்த்து, வலியைப் பார்த்து அல்ல. வலி ஏறியதும் கூட்டிவந்தால், ஏறினால் தப்பிக்கலாம் என்பதைத்தான் மூளை படித்துக்கொள்ளும். வலி இறங்கியிருக்கும்போது பத்தரைக்கு வெளியே வந்தாலும், ஏறியிருக்கும்போது பத்தரை வரை இருந்தாலும், இரண்டும் வெற்றி. ஆசிரியரிடம் முன்பே பேசுங்கள்: தேவைப்பட்டால் நாளில் ஒரு முறை பத்து நிமிடம் ஓய்வு, பிறகு வகுப்புக்குத் திரும்புதல், வீட்டுக்கு போன் வேண்டாம்.

உடற்பயிற்சிக்கும் இதே கடிகாரம். மூன்று நாள், வலி கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். சராசரி 15 நிமிடம் என்றால் 10 நிமிடத்தில் தொடங்க வேண்டும். நல்ல நாளிலும் பத்து, மோசமான நாளிலும் பத்து. வாரத்துக்கு ஒரு நிமிடம், அதாவது பத்திலொரு பங்கு கூட்டுங்கள். ஒரு பஸ் ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பது எளிதான வழி. கெடுவது ஞாயிற்றுக்கிழமைகளில். இன்று வலி இல்லை என்ற குஷியில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் ஆறு மணி நேரம் ஓடிக் குதித்தால் திங்கள், செவ்வாய் படுக்கை. புதன்கிழமை வீட்டில் எல்லோரும் “பார்த்தியா, உடம்புக்கு ஆகலை” என்பார்கள். கடலுக்குப் போங்கள், லகூனின் ஆழமில்லாத தண்ணீர் மூட்டுவலிக்கும் கால்வலிக்கும் அருமையான இடம். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைப் பிள்ளையே கைக்கடிகாரம் பார்த்து முடிக்கட்டும்.

மூச்சுப் பயிற்சி எல்லோரும் சொல்வது, அநேகம் பேர் தப்பாகச் செய்வது. மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு சின்னப் புத்தகம் வைக்க வேண்டும். நாலு எண்ணும்வரை மூச்சு உள்ளே, புத்தகம் எழும்பும். ஆறு எண்ணும்வரை வெளியே, புத்தகம் இறங்கும். ஐந்து நிமிடம், காலையும் இரவும், வலி இல்லாதபோது. இரண்டு மூன்று வாரம் இப்படிப் பழகிய பிறகுதான் வலிக்கும்போது கைகொடுக்கும். வலி வந்த நேரத்தில் முதன்முதலாக “மூச்சு விடு, மூச்சு விடு” என்று பக்கத்தில் நின்று மிரட்டினால் அது இன்னொரு அதட்டல்தான்.

தூக்கம் குறைந்தால் மறுநாள் வலி கூடும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். ஆறாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது டியூஷன் முதலில் தின்பது இதைத்தான். வலிப் பிள்ளைக்கு ஒரு டியூஷனைக் குறைப்பதா, தூக்கத்தைக் குறைப்பதா என்று வந்தால் டியூஷனைக் குறையுங்கள்.

மருந்து. பனடோல் என்கிற பாரசிட்டமால் ஒரு வேளைக்கு எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 24 கிலோ பிள்ளைக்கு 360 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 15 மில்லி. ஒரே பெயரில் 250 மில்லிகிராம் சிரப்பும் வருவதால் லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள், தேக்கரண்டியால் அளக்காதீர்கள். நாள்பட்ட வலிக்கு இதைத் தினமும் கொடுப்பதில் பயன் இல்லை. தலைவலிக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதம் கொடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கக்கூடும். கோடீன் கலந்தவை 12 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் எச்சரித்தது. தடுப்பு மாத்திரைகளிலும் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். 2017இல் ஒற்றைத் தலைவலியுள்ள 8 முதல் 17 வயதினரிடம் நடந்த ஆய்வில் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம், அமிட்ரிப்டிலினில் 52, டோபிரமேட்டில் 55. அதற்கு முன் 2013இல் வந்த ஆய்வில் அமிட்ரிப்டிலினோடு சமாளிப்புப் பயிற்சியும் சேர்ந்தபோது 66 சதவீதம் பேர் அந்த அளவை எட்டினார்கள். அதே மாத்திரையோடு தலைவலி பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 36.

திட்டம் எங்கே உடையும் என்றால் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில். கேள்விகள் நின்றதும் புகார் முதலில் கூடும். அழுகை உரக்கும், புது இடத்தில் வலிக்கும். பழைய வழி வேலை செய்யவில்லையே என்று பிள்ளை இன்னும் பலமாக முயல்கிறது. இதில் தந்திரம் எதுவும் இல்லை, யாரும் அப்படித்தான் செய்வார்கள். இந்த இடத்தில் ஐந்தாம் நாள் அம்மா மனம் இளகி வீட்டில் நிறுத்திவிட்டால், ஐந்து நாள் தாக்குப்பிடித்தால் கிடைக்கும் என்ற பாடம் படிந்து, அடுத்த முறை பத்து நாள் ஆகும். தொடங்கினால் மூன்று வாரம் முழுதாகப் போக முடியும் என்றிருக்கும்போது தொடங்குங்கள். தேர்வு வாரத்தில் வேண்டாம். புதிய வலிக்கு மேலே சொன்ன ஆபத்து அடையாளங்களை ஒரு முறை பாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விபத்து, விளையாட்டில் அவள் வலியை மறந்திருக்கும்போது அப்பா “இப்ப வலிக்கலையா?” என்று கேட்பது. அந்த ஒரு கேள்வி ஒரு மாத உழைப்பைக் கரைத்துவிடும். கவனம் திரும்பினால் வலி குறைவது நரம்பின் இயல்பு, நடிப்புக்குச் சாட்சியம் அல்ல. முன்னேற்றம் வரும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பள்ளி நேரமும் நடையும் கூடும், வலி எண் அப்படியே நிற்கும். வலி பிறகுதான் இறங்கும். முதல் மாதம் “வலி குறையலையே” என்று திட்டத்தைக் கைவிட்டவர்கள் பலர்.

பதின்வயதில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். பதினாலு வயதுப் பையனுக்குப் பதில் அம்மாவே டாக்டரிடம் எல்லாம் சொல்லி முடிப்பதைக் காத்திருப்பு வரிசையில் எப்போதும் பார்க்கலாம். முதல் ஐந்து நிமிடம் அவன் பேசட்டும், விட்டுப்போனதை அம்மா சேர்க்கட்டும், பிறகு பத்து நிமிடம் அம்மா வெளியே நிற்கட்டும். வலியின் பின்னால் பள்ளியில் நடக்கும் கேலி இருந்தால் அது அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும்.

பெற்றோரின் பயத்துக்கும் வைத்தியம் வேண்டும், அது தனி விஷயம் அல்ல. ‘இது சரியாகவே ஆகாது, என்னால் தாங்க முடியாது’ என்று இரவில் படுத்துக்கொண்டு நினைக்கும் அம்மாவின் பிள்ளை அதிகம் முடங்குகிறது. அந்த நினைப்பை அளக்கவே லீஸ்பெட் கூபெர்ட் 2006இல் பெற்றோருக்கென்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். நம்பிக்கை தரும் சேதியும் உண்டு. ரோனா லெவி 2010இல் வெளியிட்ட ஆய்வில் 200 பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் வெறும் மூன்று அமர்வுகளுக்கு வந்தார்கள். ஒரு பகுதியினரில் பிள்ளைக்குச் சமாளிக்கும் வழியும், பெற்றோருக்கு எதிர்வினையை மாற்றும் வழியும் சொல்லிக் கொடுத்தார்கள்; மற்றவர்கள் பாடம் மட்டும் கேட்டார்கள். பாடம் மட்டும் கேட்டவர்களைவிட முதல் பகுதியினருக்கு வலியும் குறைந்தது, வயிற்றுக் கோளாறுகளும் குறைந்தன. மூன்றே அமர்வு.

ஆயாபானாவை நிறுத்த வேண்டுமா என்று பாட்டிகள் கேட்பார்கள். வேண்டாம். ஏழே கால் மணிக்கு வாசற்படிக்குக் கொண்டுவராமல், மாலை நாலு மணிக்கு அவள் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கியதும், பிஸ்கட்டோடு மேசையில் வையுங்கள். வயிற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். இன்று வகுப்பில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று கேளுங்கள்.